வாளியில் விழும் கட்டை

வெளியிலிருந்து சத்தம் நுழையாத அறை. குட்டை மேசை முன் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். காதுக்குப் பின்னால் அறுவை சிகிச்சைக்காக மழித்த இடத்தில் முடி இப்போதுதான் கறுத்து வருகிறது; அதன்மேல் ஒட்டியிருக்கும், காது கேட்கவைக்கும் கருவியில் பொட்டளவு பச்சை விளக்கு. எதிரே கேட்கப் பயிற்சி தரும் பெண், உதட்டசைவு தெரியாதபடி வாயை அட்டையால் மறைத்துக்கொண்டு "பா" என்கிறாள். கன்னத்தோரம் பிடித்திருந்த மரக்கட்டையை மகள் வாளியில் போடுகிறாள். சத்தம் கேட்டால் கட்டையைப் போடவேண்டும், அதுதான் விளையாட்டு. அட்டை விலகுகிறது. அந்தப் பெண் சிரிக்கிறாள், மகளும் சிரிக்கிறாள். பின்னால் நாற்காலியில் நான். "அக்கா, நீங்க மூச்சு விடக்கூடாது, பேசாம பாருங்க" என்று அந்தப் பெண் முதலிலேயே சொல்லிவிட்டாள். பிறந்ததிலிருந்து இந்தக் காதில் நான் பாடியிருக்கிறேன், கொஞ்சியிருக்கிறேன், வெறுத்துப்போய்க் கத்தியிருக்கிறேன். ஒன்றும் போய்ச் சேரவில்லை. இவள் ஒரு "பா" சொல்கிறாள், சேர்ந்துவிடுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மகள் அடுத்த கட்டையைக் கன்னத்தில் வைத்துக் காத்திருக்கிறாள். அட்டை உயர்கிறது. நான் முந்திக்கொள்கிறேன்.

"சிட்டு, அம்மா இங்க இருக்கேன்டா."

மகளின் தோள் நிமிர்கிறது. கட்டை வாளிக்குள் விழுகிறது.

"கேட்டிருச்சுக்கா" என்கிறாள் அந்தப் பெண், கொஞ்சமும் கோபமில்லாமல். மகள் என் பக்கம் திரும்பவில்லை. சரியாகப் போட்டதற்கான சிரிப்பை எதிர்பார்த்து அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.