அப்பாவுக்காக ஒரு சம்மதம்

அம்மாவுக்கு என்னதான் வந்துவிட்டது? எத்தனை முறை முடியாது என்று சொல்வது? டார்லா எரிச்சலை விழுங்கிக்கொண்டாள்.

“அப்பா போய் வருஷமாச்சு. உங்க மார்மன் சபைக் கோவில்ல, இறந்தவங்களுக்காக வேற ஒருத்தர் முங்கி ஞானஸ்நானம் எடுக்கலாமாமே. நான் சம்மதக் கையெழுத்துப் போட்டுட்டேன்டி, நீ அப்பாவுக்கு ஏற்பாடு பண்ணு.”

“நாப்பது வருஷம், மார்மன்காரங்க நிறைஞ்ச இதே புரோவோ ஊருல, அவங்க உபதேசமே பொய்னு பிரசங்கம் பண்ணின பாஸ்டரும்மா அவரு!”

“பரலோகத்துல புருஷன் பொண்டாட்டி உறவே கிடையாதுன்னும் அவர்தான் பிரசங்கம் பண்ணினாரு. உங்க கோவில்ல உண்டாமே? அவர் எனக்குப் புருஷனா இல்லாத பரலோகம் எதுக்குடி?”

மார்மன் சபையில் சேர்ந்த அன்றே டார்லாவை வீட்டைவிட்டுத் துரத்தியவர் அப்பா. அவர் சாகக்கிடந்தபோது, இதே சம்மதத்தை அவளும் அவரிடம் கெஞ்சிக் கேட்டிருந்தாள்.

“என்கிட்ட வேண்டாம்னுட்டாரும்மா,” என்றாள் தாழ்ந்த குரலில். “போன இடத்துலயும் அவரைத் தொந்தரவு பண்ண மாட்டேன்.”