பிரியாணி சாப்பிடாத மாஸ்டர்

"மச்சான், பிரியாணி மாஸ்டரு பிரியாணி சாப்பிடல."

மைத்துனன் கலையரசன் வந்து காதோரம் சொன்னபோது, ஜெயக்குமார் மகளை மடியில் வைத்துச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான். காது குத்திய வலியில் குழந்தை இன்னும் விசும்பிக்கொண்டிருந்தது.

"பசிக்காம இருக்கும். வுடு."

"பசியெல்லாம் நல்லாத்தான் கீது. பின்னாடி அடுப்பாண்ட குந்திகினு புருசனும் பொண்டாட்டியும் வூட்லேர்ந்து எடுத்தாந்ததைப் பிரிச்சி சாப்புட்டுகினு கீறாங்க. முட்டை, கோஸு, வறுத்த மீனு. நம்ம பிரியாணி ஒரு பருக்கை கூட இலையில இல்ல."

ஜெயக்குமாருக்குச் சுருக்கென்றது. போன மாதம் மதுராந்தகத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பிரியாணி சாப்பிட்ட பாதிப் பேர் வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்தப் பயத்தில்தான் விசாரித்து விசாரித்து, கோவளத்திலிருந்து தாவீது மாஸ்டரை வரவழைத்திருந்தான். புதுப்பட்டினத்தில் அந்தச் சின்ன மண்டபம் முழுக்க ஜனம். பந்திக்கு இலை போட்டாயிற்று.

குழந்தையை மனைவி பூங்கொடியிடம் கொடுத்துவிட்டு எழுந்தான்.

மண்டபத்தின் பின்பக்கம் தாவீது அப்போதுதான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். கூடவே வேலை செய்யும் மனைவி ஜெனிட்டா வாழை இலையில் மிச்சம் மீதியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், பிரியாணி எப்படி வந்துகீது?"

"நல்லா வந்துகீது சார். பந்திய ஆரம்பிக்கலாம்."

"ஒரு தட்டு போட்டுச் சாப்பிடுங்களேன். மொதல்ல நீங்க சாப்பிட்டா எனக்கு ஒரு திருப்தி."

தாவீது ஒரு கணம் மனைவியைப் பார்த்தார். பிறகு அண்டாவைத் திறந்து, ஒரு கறித்துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"கறி ஓகே. சோறு?" என்றான் கலையரசன்.

"அரிசி சாப்புடறதில்ல சார். வுட்டுட்டேன்."

"இன்னா மாஸ்டர் காமெடி பண்றீங்க? நாள் முழுக்கப் பிரியாணி கிண்டறவரு அரிசி சாப்பிட மாட்டாரா?"

ஜெனிட்டா முன்னால் வந்தாள். "அவருக்குச் சுகர் சார். ஆரம்பம்தான். சாப்பாட்டுலயே கட்டுப்படுத்திடலாம்னு சொல்லிகீறாங்க. அரிசி, கோதுமை, எதையும் நான் அவருக்குக் குடுக்கறதில்ல."

ஜெயக்குமாருக்குப் பாதி மனசு நம்பியது. ஆனால் கலையரசன் விடுவதாக இல்லை.

"செஞ்சவரே தொடாததை நாங்க எப்படிம்மா ஜனத்துக்குப் போடறது? நாளைக்கு யாருக்காச்சும் ஒண்ணு ஆச்சுன்னா?"

உள்ளே பந்தியில் உட்கார்ந்தவர்கள் குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜெயக்குமார் சங்கடத்தோடு சொன்னான். "ஒரே ஒரு வாய்தான் மாஸ்டர். அதுல இன்னா ஆயிடப் போவுது?"

"அவரு சாப்பிட வேணாம்" என்றாள் ஜெனிட்டா. குரல் கறாராக இருந்தது. "இந்தக் கையாலதான் நானும் அரிஞ்சேன், களைஞ்சேன். நான் சாப்பிட்டுக் காட்டறேன். போதுமா?"

தட்டை எடுத்தாள். ஒரு கரண்டி நிறைய பிரியாணியைப் போட்டுக்கொண்டாள். பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

தாவீது சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார். தட்டை வாங்கினார். நின்ற நிலையிலேயே வேகவேகமாகச் சாப்பிட ஆரம்பித்தார். ஒரு வாய் இல்லை, தட்டு காலியாகும்வரை.

ஜெனிட்டாவின் கண் கலங்கிவிட்டது. "இத்தினி நாளு கட்டுப்பாடா இருந்ததெல்லாம் வீணாப் போச்சே" என்று முனகிக்கொண்டே, பாத்திரங்களை வாரிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

பந்தி நடந்தது. எல்லோரும் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கலையரசனே மூக்கு முட்டச் சாப்பிட்டான். ஜெயக்குமாருக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை. நோயாளி மனுஷனைச் சந்தேகப்பட்டு, சாப்பிடக் கூடாததைச் சாப்பிட வைத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

கூட்டம் குறைந்ததும் பின்பக்கம் ஓடினான். தாவீது அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், மன்னிச்சிக்கோங்க. தப்பு பண்ணிட்டேன். பக்கத்துல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. வண்டியில ஏறுங்க. சுகர் எவ்ளோ ஏறிகீதுன்னு பார்த்துட்டு வந்துடலாம்."

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார்."

தாவீது திரும்பிப் பார்த்தார். ஜெனிட்டா தூரத்தில் குழாயடியில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவர்கள் பேசுவது கேட்காது.

"சுகரு அவளுக்குத்தான் சார். சோத்தக் குறைம்மான்னு டாக்டரு எவ்வளவோ சொல்லிட்டாரு. 'எனக்கு ஒருத்திக்காவ தனியா ஆக்கணுமா'ன்னு காதுலயே போட்டுக்கல. கால் மரத்துப் போவுது, ராத்திரில தூக்கம் இல்ல, அப்பவும் கேக்கல. எனக்கும் வந்துட்ச்சின்னு ஒருநாள் சொன்னேன். அன்னிக்கே வூட்ல இருந்த அரிசிய எல்லாம் அக்கம்பக்கத்துல தூக்கிக் குடுத்துட்டா. கீரை, முட்டை, மீனுன்னு தேடித்தேடி செய்யறா. எனக்குச் செய்யறதத்தான் அவளும் சாப்புடறா. இப்ப அவளுக்கு நல்லா குறைஞ்சிகினு வருது."

ஜெயக்குமார் அவரையே பார்த்தான். "அப்போ உங்களுக்கு எவ்ளோ இருக்கு மாஸ்டர்?"

"எனக்குச் சுகரே இல்ல சார். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."