முப்பத்திநாலு

"அந்தப் பேப்பரை உள்ள வை. இல்லேன்னா நீ பேசவே வேண்டாம்" என்றாள் அக்கா.

"ஏன்? நான் பெயிலானது ஊருக்கே தெரியும். உனக்கு மட்டும் இன்னும் வெட்கமா?"

ஆலயத்தை ஒட்டிய சின்ன அறை. பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகள் ஆணிகளில் தொங்கின. அம்மாவின் நினைவு ஆராதனை தொடங்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். அவளிடம் படித்தவர்களாலேயே பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. பின்னால் வந்தவர்கள் சுவரோரம் நின்றார்கள்.

தம்பி பஸ் பணிமனையில் ஃபோர்மேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். பணிமனையில் அவனுக்குப் பெயரே 'முப்பத்திநாலு'தான். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்கிற கணக்குப் பரீட்சையில் முப்பத்திநாலு எடுத்தவன். திருத்தியது பெற்ற தாய். ஒரு மார்க் கூட்டிப் போடவில்லை. இந்தக் கதையைக் கேட்காத டிரைவர் அங்கே கிடையாது. யாரும் கேலிக்கு வைத்த பெயரில்லை. அவனே சொல்லிச் சொல்லி வாங்கிக்கொண்ட பெயர்.

அந்த விடைத்தாள்தான் இப்போது அவன் கையில் இருந்தது, பிளாஸ்டிக் உறைக்குள். முதல் பக்கத்தில் பச்சை மையில் வட்டம். வட்டத்துக்குள் 34.

"யோசிச்சுப் பாருக்கா. சொந்தப் பிள்ளை. ஒரே ஒரு மார்க். பேனாவை ஒரு இழு இழுத்தா முடிஞ்சுது. செய்யலையே! இதைவிட அம்மாவைப் பத்தி என்னத்தைச் சொல்றது?"

"சொல்றதுக்கா இல்ல? ஒரு ஞாயித்துக்கிழமை விடாம முதல் மணிக்கே வந்து ரெண்டாவது பெஞ்சுல உட்கார்ந்ததைச் சொல்லு. போதகர் வசன எண்ணைத் தப்பாச் சொன்னா விரலைத் தூக்குவாங்களே, அதைச் சொல்லு. எல்லாரும் சிரிப்பாங்க."

"அதைப் போதகரே சொல்லிக்குவார். மாட்டிக்கிட்டவர் அவர்தானே."

"அப்பா போனப்புறம் நம்ம ரெண்டு பேரையும் ஒத்தையா வளர்த்ததைச் சொல்லு. உனக்குக் காய்ச்சல் வந்தப்ப மடியில உன் தலை, முட்டி மேல விடைத்தாள். ரெண்டையும் கீழ வைக்கல."

"அதை நீ சொல்லு. நீதானே அவங்க அசிஸ்டென்ட்."

உண்மைதான். பரீட்சை முடிந்தால் சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள்கள் குவியும். அம்மா திருத்துவாள். அக்கா மார்க்குகளைக் கூட்டுவாள். கட்டுக்கு நூல் சுற்றுவது மட்டும் தம்பி வேலை. கூட்டல் பக்கம் அவனை யாரும் விட்டதில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு போதகர் தலையை நீட்டினார்.

"தம்பி, ஆளுக்கு மூணு நிமிஷம்தான். அம்மா இருந்தா வாட்சைப் பார்ப்பாங்க, ஞாபகம் இருக்கட்டும். அப்புறம், தலைமையாசிரியை முன் வரிசையிலதான் இருக்காங்க. நீங்க தர்றேன்னீங்களே விடைத்தாள், அதைக் கையோட வாங்கிக்கிறாங்களாம். பள்ளிக்கூட வாசல்ல கண்ணாடிப் பெட்டி தயாரா இருக்காம். எல்லாப் பக்கத்தையும் விரிச்சு வைக்கப் போறாங்க."

அவர் போனதும் அக்கா கதவைத் தாழிட்டாள்.

"பள்ளிக்கூடத்துக்கே குடுத்துட்டியா?"

"கேட்டாங்க, சரின்னேன். நேர்மைன்னா என்னன்னு பிள்ளைங்க பார்க்கட்டுமே."

"தரலைன்னு சொல்லிடு."

"ஏங்க்கா, உனக்கு என்னதான் பிரச்சினை? தம்பி மக்குன்னு நாலு பேர் பார்த்துடுவாங்கன்னா? கேட்டுக்கோ, நான் மக்கு இல்ல. பதினாறு வயசுல வேலை கேட்டுப் போனேன். 'படிப்பு என்னடா?'ன்னான் மேஸ்திரி. 'ஒரு மார்க்குல போச்சு'ன்னேன். 'அப்ப தேறிடுவே'ன்னு ஸ்பேனரைக் கையில குடுத்தான். இன்னிக்கு முப்பது பேரை வேலை வாங்கறேன். எந்த இன்ஜினைப் பார்த்தும் பயந்தது கிடையாது. எனக்கும் பாஸானவனுக்கும் நடுவுல ஒரு மார்க். அவ்வளவுதான் தூரம்."

பேசி முடித்தபோது அவன் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை போடும் முகமாக அது இல்லை.

"எல்லார் விடைத்தாளையும் கூட்டினது நான்தானே?"

"ஆமா."

"உன்னோடதை மட்டும் அம்மா எங்கிட்ட தரல. தானே கூட்டிக்கிட்டாங்க. குளிக்கப் போன நேரத்துல நான் எடுத்துப் பார்த்துட்டேன். நீ இதை எப்பவாவது கூட்டிப் பார்த்திருக்கியா?"

"நல்லாக் கேட்டே! கணக்கு டீச்சர் போட்ட கூட்டலை எவன் கூட்டிப் பார்ப்பான்?"

"இப்பக் கூட்டு."

சுவருக்கு அந்தப் பக்கம் முதல் பாட்டு தொடங்கியது. அவன் உறையிலிருந்து தாளை உருவி, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக உள்பக்கத்தைத் திறந்தான். ஓரத்தில் அம்மாவின் பச்சை மை. இரண்டு. சைபர். மூன்று. சைபர். சைபர். ஒன்று. கடைசிப் பக்கத்தில் ஐந்து.

பதினொன்று.

கீழிருந்து மேலாகக் கூட்டினான். அப்போதும் பதினொன்றுதான்.

"உன்னைப் பெயிலாக்கினது டீச்சர்டா" என்றாள் அக்கா. "ஒரே ஒரு மார்க்குலன்னு போட்டது அம்மா."