சாலமோன் வீட்டுக்கு வந்த ஐஸ் பெட்டி

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க கண்ணுங்களா, காதைக் குடுங்க. திருக்கழுக்குன்றத்துல சாலமோன் வீட்டு வாசல்ல, பொணத்தை வைக்கிற ஐஸ் பெட்டி வந்து இறங்கின கதையைச் சொல்றேன்.

வேனிலிருந்து பெட்டியை இறக்கும்போதே எதிர்வீட்டுப் பொன்னி மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "ஐயோ மாமா! நேத்து கூட எங்கூட்டாண்ட நின்னு கருவாடு கேட்டியே மாமா!"

"பொன்னிக்கா, மாமாவுக்கு ஒண்ணும் ஆவல. ஐஸ் வாங்க சதுரங்கப்பட்டினம் போயிகீறாரு. இந்தப் பெட்டி என் சாம்பிளுக்கு" என்றாள் சாலமோனின் மருமகள் ஜெனிட்டா.

"பாவம், துக்கத்துல புத்தி கலங்கிப்போச்சி" என்று பொன்னி அவளைக் கட்டிக்கொண்டு இன்னும் உரக்க அழுதாள்.

ஜெனிட்டா சொன்னது சத்தியம். அவள் ஆர்.என்.ஏ. ஆராய்ச்சி செய்கிறவள். கடலோர இறால் குட்டைகளில் வரும் நோயைப் பிடிக்க, எட்டு வருஷமாகச் சேற்றில் அலைந்து சேர்த்த சாம்பிள்கள் அவளிடம் இருந்தன. புயல் மழையில் ஆய்வுக்கூடத்துக்குள் தண்ணீர் புகுந்ததும், அத்தனை சின்னக் குப்பிகளையும் தெர்மாகோல் பெட்டியில் வாரிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள்.

சூடு பட்டால் ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகி அழிந்துபோகும். வீட்டு ஃப்ரிட்ஜில் இடம் பத்தவில்லை. அவசரத்துக்கு வாடகைக்குக் கிடைத்த பெரிய குளிர்பெட்டி இது ஒன்றுதான்.

குப்பிகளை உள்ளே அடுக்கி, மேலே வெள்ளைப் போர்வையைப் போர்த்தி, சுவிட்சைப் போட்டாள். பெட்டி ஒரு உறுமல் உறுமியது. அத்தோடு தெருவுக்கே கரன்ட் போனது.

லைன்மேன் தனகோடிக்குப் போன் போட்டாள். "அண்ணே, இன்னிக்குக் கரன்ட் வரலன்னா என் ஆராய்ச்சியே போயிடும்ணே!"

"தங்கச்சி, ஊரு பூரா கம்பம் சாஞ்சிகினு கீது. ஆராய்ச்சியெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்."

கணவன் ஜான்சன் கப்பல் வேலையில் நடுக்கடலில். மாமனாருக்குப் போன் செய்து அழுதாள். "லைன்மேன் அண்ணன் நாளைக்குத்தான்றாரு. எட்டு வருஷமும் தண்ணியா ஓடப்போவுது மாமா."

"கண்ணைத் தொடச்சிக்க பாப்பா. ஐஸோட வந்துகினே கீறேன்" என்று அவர் வைத்துவிட்டார்.

அதற்குள் வாசலில் பந்தல் எழும்பிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன, பெட்டிமேல் மாலைகள் விழுந்தன. ஜெனிட்டா கையுறையை மாட்டிக்கொண்டு ஓயாமல் போர்வைக்குள் கையை விட்டுக் குளிர்ச்சியைப் பார்த்தாள்.

"கையுறை போட்டுத்தான் மாமனாரைத் தொடுவாளாமா? படிச்ச திமிரைப் பாரு!" என்று துக்கம் கேட்க வந்த ராஜம் முணுமுணுத்தாள்.

கைபட்டாலே ஆர்.என்.ஏ. கெட்டுவிடும் என்பதை ராஜத்துக்கு யார் சொல்வது?

அப்போது பைக்கில் பறந்து வந்தான் தனகோடி. கம்பத்தில் ஏறினான், எதையோ முறுக்கினான், இறங்கினான். தெருவெங்கும் விளக்கு எரிந்தது. பெட்டி மறுபடி உறுமியது. ஜெனிட்டா அப்படியே தரையில் உட்கார்ந்து கதறி அழுதாள். பார்த்தவர்களுக்கெல்லாம் இப்போதுதான் திருப்தி.

தனகோடி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பெட்டியைக் கும்பிட்டான். "இன்னா தங்கச்சி நீ! சாவு வூடுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா அப்பவே ஓடியாந்திருப்பேனே. இப்ப போன்ல விசயத்தைச் சொன்னவங்க தேம்பித் தேம்பி அழுதாங்க பாரு, எனக்கே பேஜாரா பூட்ச்சி."

"அண்ணே, உள்ள பெரியவரு இல்லண்ணே, வெறும் குப்பிங்க..."

"மனசைத் தேத்திக்க" என்று தலையைத் தடவிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டான்.

பொன்னியைத் தனியே இழுத்தாள் ஜெனிட்டா. "நீயா போன் பண்ணே?"

"எனக்கு அழவே நேரம் பத்தல, இதுல போன் வேறயா?"

பின்கட்டுக் கதவு கிறீச்சிட்டது. ஐஸ் சொட்டும் கோணியோடு சாலமோன் நின்றிருந்தார். வாசலில் எழும்பிய ஒப்பாரியைத் தலைசாய்த்து ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா! நீங்க பூட்டீங்கன்னு லைன்மேனுக்கு யாரோ போன் பண்ணிகீறாங்க மாமா!"

கோணியை இறக்கி வைத்துவிட்டு அவர் சொன்னார்: "நான் செத்ததை நான் சொல்லாம வேற யாரும்மா சொல்லுவாங்க?"

நல்லா இருங்க கண்ணுங்களா. உங்க வீட்டுப் பெரியவங்களும் இப்படியே செத்து, ராத்திரி சோத்துக்கு உங்களோட வந்து உட்காரட்டும்.