குரோம் சிரித்தது

முலாம் பூசும் பட்டறையில், சைக்கிள் ஹேண்டில்பார் ஒன்று புதுக் குரோம் பூச்சோடு கொக்கியில் காய்ந்துகொண்டிருந்தது.

"நான் விஷம் குறைஞ்ச புது முலாம் தொட்டியில பிறந்தவன். ரொம்ப சாந்தம்" என்றது குரோம்.

"சந்தோஷம். ஆனா ஏன் என்னை இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்க? மூச்சு முட்டுது" என்றது ஹேண்டில்பார்.

"இறுக்கமா? நானா? அதெல்லாம் பழைய விஷத் தொட்டிக்காரங்க குணம். அதோ, அந்த மணியைப் பாரு. உடம்பெல்லாம் விரிசல்."

மறுபடி முலாம் பூச வந்திருந்த பழைய சைக்கிள் மணி பக்கத்துக் கொக்கியில் தொங்கியது. அதன் காதில் இது விழுந்தது.

"எந்தத் தொட்டியில பிறந்தா என்னப்பா, உள்ளுக்குள்ள இழுத்துப் பிடிச்சா விரிசல் விடத்தான் செய்யும். விட்டப்புறம்தான் எனக்கே நிம்மதி" என்றது மணி.

"எனக்குள்ள ஒண்ணும் இல்லை. எனக்குக் கோபமே வராது" என்றது குரோம், இன்னும் கொஞ்சம் இறுகிக்கொண்டு. "வராதுன்னா வராது."

டிக் என்று ஒரு சத்தம். குரோமின் மேல் மெல்லிய முடி போல ஒரு கோடு ஓடியது.

"என்ன சத்தம் அது?" என்றது மணி.

"சிரிச்சேன்" என்றது குரோம்.

ஹேண்டில்பார் நிம்மதியாக மூச்சு விட்டது. "அப்பாடா. இன்னும் கொஞ்சம் சிரியேன்."