மூணாவது ஆளுக்கு இடமில்லை

“ஹரீஷ் உன்னை நல்லா ஏமாத்தியிருக்கார்டி, ரீனா!” என்று சிரித்தாள் அவள் தோழி மீனு.

புணேயின் வாகட் பகுதியில் இருந்த ரீனாவின் வீட்டுச் சுவரில் புதிதாக ஒரு பித்தளைத் தகடு. அதில் இருபது இலக்கங்கள் கொண்ட ஒரே ஓர் எண். கல்யாண நாளுக்குக் கணவன் ஹரீஷ் தந்த பரிசு. அவன் கல்லூரியில் கணிதம் நடத்துகிறவன். புடவை, நகையெல்லாம் அவனுக்குத் தோன்றாது.

“என்ன ஏமாத்தினார்? ‘என் செல் நம்பரையும் உன் செல் நம்பரையும் பெருக்கினேன். ரெண்டுமே பகா எண். யார் எப்படிப் பிரிச்சாலும் நாம ரெண்டு பேர்தான் வருவோம், மூணாவது ஆளுக்கு இடமில்லை’ன்னு சொன்னாரே!”

“அங்கதான் இடிக்குது. உன் நம்பர் நாலுல முடியுது. இரட்டைப்படை எண் எப்படிடி பகா எண் ஆகும்? இந்தப் பெரிய எண் ஒண்ணுல முடியுது. உன் நம்பர் இதை வகுக்கவே வகுக்காது.”

ரீனாவின் முகம் சுருங்கியது. “பெருக்குறப்போ தப்பு பண்ணியிருப்பாரோ?”

“அரே, கணக்கு வாத்தியாரா? இரு, பார்த்துடலாம்.”

பக்கத்து ஹிஞ்சேவாடி ஐ.டி. பூங்காவில் வங்கிகளுக்குப் பாதுகாப்பு மென்பொருள் எழுதுகிற மீனுவுக்கு இது கைவந்த வேலை. மடிக்கணினியில் எண்ணைத் தட்டினாள். விடை வந்ததும் அவள் சிரிப்பு நின்றுபோனது.

“ஒண்ணு ஹரீஷ் நம்பர்தான். இன்னொண்ணு...” திரையை ரீனா பக்கம் திருப்பினாள். “இதுவும் செல் நம்பர் மாதிரிதான் இருக்கு. ஆனா உன்னோடது இல்லை.”

பார்த்த ரீனாவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

“வேற மாதிரி பிரிக்க முடியாதா, மீனு?”

“முடியாது. பகா எண்ணா பிரிச்சா ஒரே விடைதான். அந்தக் கடவுளே வந்தாலும் மாத்த முடியாது.”

மீனுவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பூனை மாதிரி இருந்த மனுஷனா இப்படி!

“யாருடி அவ? கல்யாண நாள் அன்னைக்கு இன்னொருத்தி நம்பரைக் கொண்டுவந்து உன் வீட்டுச் சுவத்துலயே மாட்டியிருக்கானே!”

“விட்டுடு மீனு, ப்ளீஸ்.”

“நீ வேணா அழுதுட்டு உட்காரு. நான் கேக்காம விடமாட்டேன்.” மீனு தன் செல்லில் எண்களை அழுத்தினாள்.

“வேண்டாம்!” என்று ரீனா பாய்ந்து பிடுங்குவதற்குள் மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.

ரீனாவின் செல் மேசைமேல் சும்மா கிடந்தது. சோபாவில் இருந்த அவள் கைப்பைக்குள் இன்னொரு செல் அதிர்ந்தது.

மீனு பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இந்த நம்பர்... அவருக்கு எப்படிடி தெரிஞ்சுது?” என்றாள் ரீனா.