படத்துக்கு ஒரு வரி

வெள்ளத்துக்குப் பிறகு அந்த ஊரில் எழுத்து மட்டும் வரும் பக்கங்கள்தான் திறந்தன. படம் தானாகத் தெரியாது. அது என்ன படம் என்று ஒரு வரி இருக்கும். வேண்டுமானால் அதை அழுத்திப் பார்க்கலாம். கரையொதுங்கிய உடல்களின் படங்களுக்கு அந்த வரியை வீட்டிலிருந்தே எழுதியவர் செல்லத்துரை. மகன் இன்னும் திரும்பாததால் அவர் மனைவி பவளமும் அந்த வரிகளை ஒன்று விடாமல் படிப்பாள்.

அன்று வந்த படத்தில் புருவத்துக்கு மேல் தழும்பு இருந்தது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த மகனை அவரே தூக்கிக்கொண்டு ஓடித் தையல் போட்டுவந்த தழும்பு. வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆண், ஐம்பது வயதிருக்கும், தாடி, வெள்ளை வேட்டி" என்று எழுதி அனுப்பினார்.

சற்று நேரத்தில் அடுப்படியிலிருந்து பவளத்தின் குரல் வந்தது. "இன்னைக்கும் நம்ம புள்ள இல்லீங்க. சாப்பிட வாங்க."

எழுந்தவர் வாசலில், வெள்ளத்தில் காணாமல் போன கணவனைத் தேடிக்கொண்டிருந்த எதிர்வீட்டு மரகதத்தைப் பார்த்தார். கையில் போன்.

"அண்ணே, தாடி, வெள்ளை வேட்டின்னு போட்டிருக்கு. அவராத்தான் இருக்கும். அழுத்திப் பாக்கக் கை வரமாட்டேங்குது."

ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி பவளம் அவரைத் தாண்டிப் போனாள்.

"எங்கிட்டக் குடு மரகதம். நான் பாத்துச் சொல்றேன்."